நானாகக் கூப்பிடும் வரை

வந்து போகிற நர்ஸ் முதல் எதிர்வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் அவன் டிரைவர்தான். லாரி ஓட்டியது ஒரு காலம். நரம்பைத் தின்னும் வியாதி முதலில் கைகளை வாங்கிக்கொண்டது, பிறகு கால்களை, கடைசியில் குரலை. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்த பிறகு அவனுக்கு மிச்சமிருந்தது வலது கன்னத்தின் அசைவு ஒன்றுதான்.

அந்தக் கன்னத்தை ஒட்டி, கட்டிலில் கட்டிய கம்பியின் நுனியில், ஒரு சின்னப் பொத்தான். எதிரே திரையில் ஒரு மஞ்சள் கட்டம் எழுத்து எழுத்தாக நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய எழுத்துக்கு வந்ததும் கன்னத்தால் அழுத்த வேண்டும். வாக்கியம் முடிந்தால் கம்ப்யூட்டர் அதை உரக்கச் சொல்லும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் சமையலறையிலிருந்து அம்மா ஓடி வருவாள், குழாயில் கட்டிய சளியை மெஷின் வைத்து உறிஞ்சி எடுப்பாள். பொத்தானுக்கு வயர் கிடையாது. விரிப்பு மாற்றும்போதெல்லாம் வயர் இழுபடுகிறது என்று தங்கைதான் வயர்லெஸ் பொத்தானாக மாற்றினாள்.

அவள் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். செட்டிங்ஸில் எதைத் தொட்டால் என்ன எச்சரிக்கை வரவேண்டும் என்று எழுதுவதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தப் புத்தி போய்விடுமா? அண்ணனின் கம்ப்யூட்டர் முழுக்கக் கேள்வியாக வைத்திருந்தாள். சத்தத்தைக் குறைத்தால் ‘உறுதியா?’, எழுத்தைப் பெரிதாக்கினால் ‘உறுதியா?’ மற்றவர்கள் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். இவன் ஒவ்வொரு ‘ஆம்’ சொல்லவும் கட்டம் சுற்றி வரும்வரை காத்திருந்து, கன்னம் கடுக்க அழுத்த வேண்டும்.

அன்று காலையில் அது வெடித்தது.

“நான் வண்டி ஓட்டுறேன். நீ பக்கத்துல உக்காந்து பிரேக்க மிதிக்கிற” என்றது கம்ப்யூட்டர், அவனுக்காக.

“அண்ணா, தப்பா எதையாவது அமுக்கிட்டா?”

“அமுக்கிட்டுப் போறேன். என் வண்டி.”

அதோடு போயிருக்கும். ஆனால் அவள் வாய் தவறி, “நீ அன்னிக்கு எழுதினதைப் பாத்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல” என்று சொல்லிவிட்டாள். ‘சாகணும் போல இருக்கு’ என்று அவன் எழுதி, யாருக்கும் கேட்காமல் அழித்த வரி அது. அவன் திரையை அவள் தன் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். உடம்பில் ஒளித்துவைக்க ஒன்றும் மிச்சமில்லாதவனுக்கு மனசுக்குள்ளும் ஆள் புகுந்தால் எப்படி இருக்கும்? அவனுக்கு அவமானத்தில் கண் கலங்கியது.

அவளுக்கும் ரோஷம். கீபோர்டை இழுத்துவைத்து, கேள்விகளை ஒன்று விடாமல் எடுத்தாள். “இனிமே ஒண்ணும் கேக்காது. திருப்தியா?” பையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டாள்.

அவன் அம்மாவுக்கும் ஒரு உத்தரவு போட்டான். “நானா கூப்பிடுற வரைக்கும் யாரும் கதவத் திறக்கக் கூடாது.”

அம்மா மறுபேச்சுப் பேசாமல் கதவைச் சாத்தினாள்.

முதல் வேலையாகத் தங்கையின் கண்ணை அடைக்க வேண்டும் என்று செட்டிங்ஸைத் திறந்தான். இன்டர்நெட்டுக்குத் தனி சுவிட்ச் கீழே எங்கேயோ இருந்தது. கட்டம் முதலில் வந்து நின்றது மேலே, விமானப் படம் போட்ட சுவிட்சில். எல்லா வயர்லெஸையும் மொத்தமாக நிறுத்துவது. கட்டிலை விட்டு நகர முடியாதவனுக்கு விமானம் என்று நினைத்துக்கொண்டே, கன்னத்துக்கு வேலை மிச்சம் என்று அதையே அழுத்தினான். எந்தக் கேள்வியும் வரவில்லை. என்ன சுகம் என்று இருந்தது.

இதோடு போதும், செட்டிங்ஸை விட்டு வெளியே வரலாம் என்று மறுபடி அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. பொத்தானின் பச்சை விளக்கு சிவப்பாகி மினுக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. பொத்தானும் வயர்லெஸ்தான்.

மஞ்சள் கட்டம் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அந்த விமானப் படத்தின் மேல் வந்து ஒரு மூச்சு நேரம் நின்றது. அவன் அழுத்தினான். கட்டம் நகர்ந்து போனது. மறுபடி வந்தது. மறுபடி அழுத்தினான். கன்னம் மரத்துப்போகும் வரை அழுத்தினான்.

குழாயில் சளி கட்டத் தொடங்கியது. மூச்சு ஈரமாகக் கொறகொறத்தது. அந்தச் சத்தம் கட்டிலைத் தாண்டவில்லை.

கதவுக்கு வெளியே காலடி வந்து நின்றது. “கண்ணு, ஏதாவது வேணுமா?”

அம்மா, அம்மா என்று உள்ளே அலறினான். உதடுகூட அசையவில்லை.

“இன்னும் கோவம் தீரலையா? சரி. நீயா கூப்பிடு, வர்றேன்.” கதவில் கை வைத்த சத்தம் கேட்டது. திறடி, என் பேச்சைக் கேட்காதே, திற என்று கெஞ்சினான். பெற்ற தாயை இப்படி அவன் ஒருநாளும் பேசியதில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கை விலகியது. காலடி சமையலறைக்குத் திரும்பியது.

பாதி மூச்சுத்தான் உள்ளே போனது. பிறகு அதில் பாதி. சாகணும் போல இருக்கிறது என்று எழுதியவன், இன்னும் ஒரு மூச்சு, ஒன்றே ஒன்று என்று தெரிந்த தெய்வத்தையெல்லாம் கெஞ்சினான். செத்துப்போனால் தங்கை தானே கொன்றதாக நினைத்துக்கொள்வாள் என்பது வேறு நெஞ்சை அடைத்தது. திரையின் ஓரங்கள் இருட்டத் தொடங்கின.

சமையலறையில் போன் அடித்தது.

“அவன் லைனைக் கட் பண்ணிட்டானா? பண்ணட்டும் விடுடி. அவனுக்கும் ரோஷம் இருக்காதா... என்னது? பொத்தானா?” ஒரு பாத்திரம் தரையில் விழுந்து உருண்டது. கதவு சுவரில் மோதித் திறந்தது.

மெஷினின் உறுமல் அவன் காதில் விழுந்தது. காற்று உள்ளே போயிற்று. அம்மா ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தன் தலையில் அடித்துக்கொண்டாள். “வெளியவே நின்னேனே பாவி, வெளியவே நின்னேனே.”

ஆபீசிலிருந்து ஓடி வந்த தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தாள். வயர்லெஸைத் திரும்பப் போட்டுப் பொத்தானை உயிர்ப்பித்துவிட்டு, கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“லைன் போனது அப்பவே தெரிஞ்சுதுண்ணா. கோவத்துல நீ என்னை வெட்டி விட்டுட்டன்னு நானும் முறுக்கிக்கிட்டு இருந்தேன். பொத்தான் நினைப்பு அப்புறம்தான் வந்துச்சு.” அழுது முடித்துவிட்டு, தன் செல்போனை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அவன் திரை தெரியும் செயலியை அழித்தாள். அழிக்கவா என்று அது கேட்டது. ஆம் என்று அழுத்தினாள்.

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். “அந்த விமானச் சுவிட்சுக்கு மட்டும் ஒரு கேள்வி வைக்கட்டுமா? முன்னாடி கேக்காது. நீ வயர்லெஸை அணைச்ச பிறகு, அப்படியே இருக்கட்டுமான்னு கேக்கும். உன்கிட்டேருந்து பதில் வரலன்னா, கொஞ்ச நேரத்துல தானா திரும்பப் போட்டுக்கும்.”

மஞ்சள் கட்டம் நகர்ந்தது. கன்னம் வீங்கியிருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு மூன்று சுற்று ஆனது. அம்மா விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் கம்ப்யூட்டர் சொன்னது.

“கதவுக்கும் அதையே வை.”