வீடு மாறிப் பெண் கேட்ட கதை

என் அண்ணன் ஜுர்கானி மர அறுவை மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். ஆற்றில் மிதந்து வரும் மரங்களைத் தட்டிப் பார்த்து, இது பலகைக்கு, இது சட்டத்துக்கு என்று பிரித்து அனுப்புவது அவர் வேலை. ஆனால் எங்கள் ஆற்றங்கரை ஊரான பஞ்சார்மாசினில் மேஸ்திரி ஜுர்கானி என்றால் யாருக்கும் தெரியாது. "கதை சொல்ற ஜுர்கானியா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து பத்தாம் நாள் காலையில், படகுத்துறையில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். மூளையில் இரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியபோது வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். "அதான்." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், வலித்தாலும் அதான், மகள் ஸலாமியாவைக் கூப்பிடவும் அதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் நல்ல மாதிரி. "அவருக்கு எல்லாம் புரியுது. வார்த்தைதான் வர மாட்டேங்குது. பழைய சந்தோஷமான விஷயமா எடுத்துப் பேசுங்க. பாதியில நிறுத்துங்க. மிச்சத்தை அவரே சொல்லப் பாப்பாரு" என்றாள்.

அப்படித்தான் நானும் மஸ்தாரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தோம். மஸ்தார் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், படகுக்காரன். ஞாயிற்றுக்கிழமை முன்பிருந்தே எங்கள் மூன்று பேருக்கும் சொந்தமான நாள்தான். முப்பது வருடமாக மஸ்தாரின் மோட்டார் படகில் ஆற்றோடு மேலே போய், ஏதாவது ஒரு நிழலில் படகைக் கட்டிவிட்டுத் தூண்டில் போடுவோம். மீன் பிடித்ததைவிடச் சாப்பிட்டதும் சிரித்ததும்தான் அதிகம்.

"டேய் ஜுர்கானி, அந்த விரால் மீன் ஞாபகம் இருக்கா?" என்று மஸ்தார் தொடங்குவான். "நாள் முழுக்க உக்காந்தும் ஒரு பொடி மீன்கூட மாட்டல. திரும்பி வரப்ப படகுல மீன் விக்கிற பொம்பளகிட்ட நாலு விரால் வாங்குனோம். 'நான் பிடிச்சேன்'னு நீ வாளியை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்த. உன் பொண்டாட்டி வாளிக்குள்ள எட்டிப் பாத்தா. பாத்துட்டு என்னடா சொன்னா?"

மஸ்தார் நிறுத்துவான். நாங்கள் இருவரும் அண்ணன் வாயையே பார்ப்போம். மீன்காரி பழக்க தோஷத்தில் குடலை எடுத்துச் சுத்தம் செய்து கொடுத்திருந்தாள். அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. "உங்க மீனு ரொம்ப நல்ல மீனுங்க, தூண்டில்ல மாட்டுறதுக்கு முன்னாடியே குடலை எடுத்து வெச்சுட்டு வந்திருக்கு" என்று அண்ணி நோர்ஹயாத்தி சொன்னாள். அதை அண்ணன் அண்ணியின் குரலிலேயே சொல்வார். இப்போது அவர் உதடு துடிக்கும். இடது பக்கத்து வாய் மட்டும் சிரிக்கும். கண்ணில் நீர் கட்டும்.

"அதான்," என்பார். "அதான்... அதான்."

"வருது பாத்தியா! ரெண்டு மாசத்துல பேசிடுவான்டா பஸ்ரானி" என்று மஸ்தார் என் தொடையில் தட்டுவான். நானும் நம்பினேன். ரெண்டு மாதம் நாலாகி, நாலு எட்டாகியது. சொன்ன கதையையே திரும்பத் திரும்பச் சொன்னோம். அண்ணன் சிரிப்பது குறைந்துகொண்டே வந்தது.

ஒரு கதையை மட்டும் நாங்கள் தொடவில்லை. அவர் வாய் திறக்கும்போது அவரே சொல்லட்டும் என்று வைத்திருந்தோம். அவர் கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போன கதை அது. கல்யாண வீடுகளிலும் மில் வாசலிலும் டீக்கடையிலும் அவர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் பெரியப்பாவைத் தலைமையாக வைத்து, அண்ணனும் நாங்களுமாக ஒன்பது பேர் மஸ்தார் படகில் கிளம்பினோம். பெண் வீட்டுப் படகுத்துறை தனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும் என்று மஸ்தார் சொன்னான். கொண்டுபோய் இறக்கிய வீட்டில் ஏற்கெனவே பந்தல் போட்டிருந்தது. வாங்க வாங்க என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்தார்கள். சிவப்புக் குழம்பில் கோழியும் வாத்து முட்டையும் வைத்துச் சாப்பாடு போட்டார்கள். எங்களுக்கும் பெருமைதான், பெண் வீட்டார் இவ்வளவு தாராளமா என்று. சாப்பிட்டு முடித்துப் பெரியப்பா எழுந்து தொண்டையைச் செருமினார். "உங்கள் தோட்டத்தில் ஓர் அழகான பூ பூத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். அதைப் பறித்துப்போக வந்திருக்கிறோம்" என்றார். வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். "தோட்டமா? எங்க வீட்டுப் பின்னாடி வெறும் சேறுதாங்க இருக்கு. ரெண்டு கத்தரிச்செடி நிக்குது, வேணும்னா பறிச்சுக்கங்க." அப்புறம்தான் தெரிந்தது. அது அவர் பிள்ளைகள் குர்ஆன் ஓதி முடித்ததற்கான விருந்து. மேல்கரையிலிருந்து வரவேண்டிய சொந்தக்காரர்கள் என்று எங்களை நினைத்துவிட்டார்கள். "எனக்கு மூணும் ஆம்பளப் பசங்க. யாரைப் பிடிச்சிருக்கோ கூட்டிட்டுப் போங்க, ஒருத்தனும் சொன்ன பேச்சு கேக்க மாட்டான்" என்றாராம் அந்த மனிதர்.

அண்ணன் சொன்னால் இது அரை மணி நேரம் ஓடும். பெரியப்பாவின் செருமலுக்கே ஐந்து நிமிடம் சிரிப்பார்கள்.

இந்த வருடம் ஸலாமியாவைப் பெண் கேட்டு மார்த்தபுராவிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஹாஜி கஸாலி, அத்தை ஹதாரியா, இன்னும் பத்துப் பேர். அண்ணனுக்குப் புதுச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, முன்னறையில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். வாயோரம் வடிவதைத் துடைக்க அண்ணி பக்கத்திலேயே நின்றாள். பேசவேண்டியதெல்லாம் நல்லபடியாகப் பேசி முடிந்தது. தேதிகூடக் குறித்தாயிற்று. பிங்கா என்கிற உருளைக்கிழங்குக் கேக்கும் டீயும் வந்தன. எல்லாரும் சாவகாசமாக உட்கார்ந்தபோதுதான் ஹதாரியா அத்தை ஆரம்பித்தாள்.

"எங்க மச்சான் ஒருத்தர் உங்க மில்லுலதான் இருந்தாரு. வீடு மாறிப் பொண்ணு கேட்ட கதைன்னு இங்க ஒண்ணு இருக்காமே? சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஆனா அவருக்கு முழுசா சொல்லத் தெரியல. நாங்களாவது சரியான வீட்டுக்குத்தானே வந்திருக்கோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் அந்த அம்மாளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்க வேண்டும். அண்ணனைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தையின் சங்கடத்தைப் போக்கத்தான் ஸலாமியா, "சித்தப்பா, நீங்க சொல்லுங்க. நீங்களும் அன்னைக்குப் போனவருதானே" என்றாள்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சொல் என்பதுபோலத்தான் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சொன்னேன். படகு கிளம்பியதைச் சொன்னேன். "அன்னைக்கு நல்ல மழை" என்றேன்.

"மழையா? மண்டை காயிற வெயிலுடா" என்றான் மஸ்தார்.

"மழைண்ணே. பெரியப்பா குடை பிடிச்சிருந்தாரே."

"அது வெயிலுக்குப் பிடிச்ச குடை."

விருந்தாளிகள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் விட்ட இடத்தைப் பிடித்து மேலே போனேன். கோழி, வாத்து முட்டை, பெரியப்பாவின் செருமல். செருமினேன்; ஒருவரும் சிரிக்கவில்லை. நெஞ்சில் சளி என்று நினைத்தார்களோ என்னவோ. பூ என்று சொன்னேன். கத்தரிச்செடி என்று சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள், மரியாதைக்கு.

அப்போது பின்னாலிருந்து கேட்டது. "அதான்."

திரும்பினேன். அண்ணன் இடது கையைத் தூக்கியிருந்தார். நான் சொன்னது தப்பு என்கிறார் என்று புரிந்தது. எதுவென்று புரியவில்லை.

"மழை இல்லையாண்ணே? வெயிலா?"

"அதான்!" இல்லை என்று தலையை ஆட்டினார்.

"கத்தரிச்செடியா? கத்தரி இல்லையா, மிளகாயா?"

"அதான்! அதான்! அதான்!" நாற்காலிக் கையில் ஓங்கி ஓங்கி அடித்தார். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. எழுந்து நின்று செய்துகாட்டப் பார்த்தார் போலிருக்கிறது. வலது கால் மடங்கி, நாற்காலியோடு சரிந்தார். ஹாஜி கஸாலிதான் பாய்ந்து பிடித்தார். தொப்பி உருண்டு டீக்கோப்பைகளுக்கு நடுவில் கிடந்தது. அண்ணியும் ஸலாமியாவும் இரண்டு பக்கமும் தாங்கி உள்ளே அழைத்துப்போனார்கள். போகும் வழியெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. குழந்தை அழுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

விருந்தாளிகள் நல்ல மனிதர்கள். "உடம்புக்கு முடியாதவரு, பாவம்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் கிளம்பினார்கள். ஹதாரியா அத்தை அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள்.

அவர்கள் போனதும் உள்ளே போய்க் கட்டிலருகில் உட்கார்ந்தேன். "எதை விட்டேன்ணே? எதுன்னு காட்டுங்க" என்றேன். அவர் இடது கையால் காற்றில் ஏதோ வட்டம் போட்டார். தட்டா, மணியா, சுக்கானா, தலைப்பாகையா என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். மஸ்தாரும் யோசித்து யோசித்து ஏதேதோ சொன்னான். அண்ணன் எங்களை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பேசவே முயலவில்லை. அந்த ஒரு வார்த்தையும் நின்றது. பயிற்சிக்கு வரும் பெண் மூன்று வாரம் முயன்று பார்த்துவிட்டு என்னை வாசலுக்கு அழைத்தாள். "ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க. இனிமே பெருசா எதிர்பார்க்க முடியாது. அவரும் மனசு விட்டுட்டாரு. வேற யாருக்காவது இந்த நேரத்தைக் குடுக்கலாம்னு ஆஸ்பத்திரில சொல்றாங்க" என்றாள். கும்பிடாத குறையாகக் கேட்டுப் பார்த்தேன். அவள் வரவில்லை.

மஸ்தாரும் வரவில்லை. இரண்டு ஞாயிறு பார்த்துவிட்டு அவன் படகுத்துறைக்குப் போனேன். படகைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அக்கா மவனுக்குக் குடுக்கப் போறேன். மணல் ஏத்தட்டும்" என்றான். "நான் சம்பிட்டுக்குப் போறேன், மவ வீட்டுக்கு."

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேண்ணே."

"என்னன்னுடா சொல்றது? வந்து உக்காந்தா என்னையே பாக்குறான். நான் அவன்கிட்டேருந்து எதையோ எடுத்துட்டு வந்துட்டு, இல்லைன்னு சாதிக்கிற மாதிரி பாக்குறான்." வாளித் தண்ணீரைப் படகுக்குள் வீசினான். "உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா பஸ்ரானி? அன்னைக்கு வெயிலா மழையான்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. வெயில்னு அவன் சொல்லுவான், அதனால சொன்னேன்."

"என்கிட்ட மழைன்னுதானே சொல்லுவாரு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிரிக்க வேண்டிய விஷயம்தான். சிரிப்பு வரவில்லை. நான் அந்தப் படகில் இருந்தவன், அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த வீட்டுக்காரரின் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பதெல்லாம் அவரைப்போல அண்ணன் விழித்துக்காட்டிய முகம்தான்.

மஸ்தார் அண்ணனிடம் சொல்லாமலேயே சம்பிட்டுக்குப் போனான். ஒரு தடவை ஃபோன் செய்தான். முதுகு வலி என்றான், அங்கே மீன் ருசியில்லை என்றான். அண்ணனைப் பற்றிக் கேட்கவில்லை.

ஸலாமியாவின் கல்யாணம் நடந்தது. அன்றைக்கு அண்ணனை உள்ளறையிலேயே வைத்திருந்தோம். மணமக்கள் உள்ளே போய்க் கையை முத்தமிட்டு வந்தார்கள். யாரும் கதை கேட்கவில்லை. இப்போது அவள் மார்த்தபுராவில் இருக்கிறாள். வீட்டில் அண்ணியும் அண்ணனும் மட்டும்தான்.

ஒருநாள் அடுக்களையில் வைத்து அண்ணியிடம் கேட்டேன். "அண்ணி, அன்னைக்கு நான் எதை விட்டேன்? உங்களுக்காவது தெரியுமா?"

அவள் மீன் செதிள் உரசிக்கொண்டிருந்தாள். "எனக்கு எப்படித் தம்பி தெரியும்? நான் அந்த வீட்டுலயா இருந்தேன்? நான் எங்க வீட்டுல சோறாக்கி வெச்சுட்டு, ஆள் வரலையேன்னு அழுதுக்கிட்டிருந்தேன்."

"அவரு சொல்லி எத்தனை தடவை கேட்டிருப்பீங்க."

"கதை சொல்றப்பல்லாம் வீட்டுல பத்துப் பேரு இருப்பாங்க. பத்துப் பேருக்கும் டீ யாரு போட்டது? பாதிதான் காதுல விழும். எல்லாரும் சிரிக்கிற சத்தம் வரும், நானும் இங்கேயே நின்னு சிரிச்சுக்குவேன்." கத்தியைக் கழுவினாள். "இருக்காரே, எங்க போயிடப் போறாரு, ஒருநாள் உக்காந்து முழுசா கேட்டுக்கலாம்னு நினைச்சேன்."

நான் முன்னறைக்கு வந்தேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அவருக்கு நகம் வெட்டிவிடுவேன். விளங்காத கையின் விரல்கள் உள்ளுக்கு மடங்கிப் போய்விட்டன. ஒவ்வொன்றாகப் பிரித்து வெட்டவேண்டும். வலிக்குமா என்று தெரியாது, முகம் சுளிப்பதில்லை. தொலைக்காட்சியில் இறகுப்பந்து ஆட்டம் வைத்துவிடுவாள் அண்ணி. பந்து ஒரு பக்கம் போகும், அண்ணனின் கண் அதோடு போகாது. மழைக்காலமாகையால் ஆற்றுத் தண்ணீர் ஏறி, மரக்கால்களில் நிற்கும் வீட்டின் பலகைத் தரைக்குக் கீழே வந்து தட்டிக்கொண்டிருக்கிறது. போன வாரம் கட்டிலைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டேன். அண்ணி டீ கொடுத்தாள், குடித்தேன். மூன்று பேரும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யார் ஜெயித்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை.