ஆர்மண்ட் ஏற்றுக்கொண்ட பங்கு

பனிக்காலத்தில் வயலில் சாணிக் கரைசல் இறைக்கக் கூடாது என்பது வெர்மாண்ட் மாநிலத்தில் சட்டம். உறைந்த மண் அதைக் குடிக்காது. பனி உருகினால் அத்தனையும் இரு நாட்டுக்கும் பொதுவான ஏரிக்குப் போய், கோடையில் பச்சைப் பாசியாக மிதக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கியூபெக்காரர்களுக்கு இதை வருஷக்கணக்காக ஓதி வந்தவர் மாட்டுப் பண்ணைக்காரர் ஆர்மண்ட்தான். சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்கு வாய் நீளம்.

அப்பேர்ப்பட்டவர் இன்று காலை, மழையில் நிரம்பிய சாணித் தொட்டி உடைந்துவிடும் என்று பயந்து, கரைசலைத் தன் வயல் பனிமேலேயே இறைத்துவிட்டு, ஏரியைக் காப்பாற்ற இரு நாட்டாரும் கூடும் கூட்டத்துக்கு வந்திருந்தார். விவசாய ஆபீசுக்குப் போன் பண்ணி விலக்கு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஊருக்கே தெரிந்து மானம் போகுமே என்று கேட்கவில்லை.

சாணியிலிருந்து இறங்கிப் பாசியை வளர்க்கும் பாஸ்பரஸ் ஏரித் தண்ணீரில் எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்பது முன்பே முடிவாகிவிட்டது. குறைக்க வேண்டியதில் எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் இன்றைய இழுபறி. நூற்றுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் ஏற்காதே என்று சொல்லித்தான் வெர்மாண்ட் பண்ணைக்காரர்கள் ஆர்மண்டை அனுப்பியிருந்தார்கள்.

"எங்க ஆளுங்க நாற்பதுக்கு மேல முடியாதுன்னாங்க," என்றாள் கியூபெக் தரப்பில் பேச வந்த ஜிஸ்லேன். அவளும் பால் பண்ணைக்காரிதான். "நான்தான் சத்தம் போட்டேன். ஆர்மண்டப் பாருங்கடா, பனியில ஒரு சொட்டு விடமாட்டாரு, அவர மாதிரி இருக்கத் துப்பில்ல, பேரம் வேறயான்னு கேட்டேன். அப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க. நாற்பத்தஞ்சு நாங்க எடுத்துக்கறோம்."

ஆர்மண்டுக்கு உடம்பெல்லாம் கூசியது. சொல்லித் தொலை, சொல்லித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தார்.

"வேணாம் ஜிஸ்லேன். உங்களுக்கு நாற்பதே இருக்கட்டும். அறுபது எங்களோடதா எழுதிக்கங்க."

"ஏன்? நாங்கதான் ஒத்துக்கிட்டோமே."

"எழுதிக்கங்கன்னேன்ல."

ஜிஸ்லேன் எழுந்து வந்து, தங்கள் ஊர் வழக்கப்படி அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "இப்படி ஒரு மனுஷன் எங்க பக்கம் இல்லையே," என்றாள். இரு நாட்டு ஆட்களும் கைதட்டத் தொடங்கினார்கள்.

உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, தன் தப்புக்கான தண்டனையை ஊரார் தலையில் கட்டியாயிற்று. அதற்குத்தான் இந்தக் கைதட்டல். ஆர்மண்டுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

"போதும், நிறுத்துங்க," என்றார், முகத்தைத் தூக்காமல்.

அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.