முந்தின பிறவிக்குப் பத்துப் படி

கண்ணாடிக்காரருக்கு மட்டும் முந்தின பிறவியே இல்லை என்று ஆகிவிட்டது. முந்தின பிறவிக்கு ஆளைக் கூட்டிப்போகக் கற்றுத்தரும் வகுப்பில், ஆறு சனிக்கிழமை வரிசையாகப் பாயில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, பயிற்சியாளரின் குரல் சொன்னபடி பத்துப் படி இறங்கி, கீழே இருந்த கதவையும் திறந்து பார்த்துவிட்டார். உள்ளே மின்சாரம் போன வீடு மாதிரி இருட்டு. கூடப் படித்த பதினோரு பேருக்கும் ஏதாவது தெரிந்தது. மூன்று பேர் ராணிகளாக இருந்திருக்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர் தளபதி. வங்கிக் காசாளர் குதிரைமேல் போய் ஒரு கோட்டையையே பிடித்திருக்கிறார். எந்தப் பிறவியிலும் எவரும் மூக்குக்கண்ணாடி விற்கவில்லை என்பதை அவர் கவனித்து வைத்துக்கொண்டார்.

"ஒருவேளை அந்தப் பிறவியில உங்களுக்குக் கண்ணு தெரியாம இருந்திருக்கலாம் சார்," என்றார் பயிற்சி கொடுத்த அம்மாள்.

"அதான் மேடம் இந்தப் பிறவியில கண்ணாடிக் கடை வெச்சுக் கொடுத்திருக்காங்க. நஷ்ட ஈடு."

எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று அவர் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார். பழக்கம். முப்பது வருஷமாகக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா" என்று ஊரையே கேட்டவர். எழுத்து தெரியாமல் குத்துமதிப்பாகச் சொல்கிறவர்களை அந்த இருட்டிலும் கண்டுபிடித்துவிடுவார். "சார், இது பரீட்சை இல்லை, பாஸாக வேண்டாம்" என்பார். அவர்களும் சிரிப்பார்கள்.

வகுப்பு ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் நடந்தது. கீழே பல் குடைகிற சத்தம் கேட்கும்போதெல்லாம், "அந்தச் சத்தம் உங்களை இன்னும் ஆழமா கூட்டிட்டுப் போகுது" என்று பயிற்சியாளர் சமாளிப்பார். முப்பத்தைந்து வயசுதான் இருக்கும். முன்பு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவர். வந்த விண்ணப்பத்தில் விபத்து நிஜமாக நடந்ததா என்று விசாரிக்கும் வேலை. அங்கே சந்தேகப்பட்டு அலுத்துப்போய், நம்புகிற தொழிலுக்கு வந்துவிட்டதாக அவரே சொன்னார். ஆனால் பழைய தொழில் முழுசாக விடவில்லை.

"ஆள் உள்ளே போயிட்டாரா, படுத்துக்கிட்டுக் கதை விடறாரான்னு எப்படித் தெரியும்? இமைக்குக் கீழே விழி ஓடும். எச்சில் முழுங்கறது மெதுவாகும். முக்கியமா, பதில் லேட்டா வரும். நீங்க கேட்டது கீழே போய்ச் சேரணும், அங்கேருந்து பதில் ஏறி வரணும். மனசுக்குள்ள எண்ணுங்க. அஞ்சு எண்ணறதுக்கு முன்னால வந்தா, அது வாயிலேருந்து வருது."

அவர் இன்னும் இரண்டு விதிகள் சொன்னார். எந்தப் பதில் வேண்டும் என்று மனசு துடிக்கிறதோ அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. சொந்தக்காரர்களுக்குச் செய்யவே கூடாது. கேள்விக்கு நடுவில் நம் ஆசை போய் உட்கார்ந்துகொள்ளும்.

கண்ணாடிக்காரர் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் வகுப்பில் சேர்ந்ததே அந்த மாதிரி ஒரே ஒரு கேள்விக்காகத்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் மனைவிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் செவிலி ஊசி போட வந்திருந்தாள், மகளும் பக்கத்தில் இருந்தாள். கூட்டம் சேர்ந்தால் இவருக்கு வாய் சும்மா இருக்காது. "சிஸ்டர், இவளை நல்லா பாத்துக்குங்க. அடுத்த பிறவிக்கும் இவளைத்தான் புக் பண்ணி வெச்சிருக்கேன்," என்றார். மனைவி சொன்னாள்: "அடுத்த பிறவியிலயாவது என்னைக் கொஞ்சம் விட்டுடுங்க."

செவிலி விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே மாத்திரை வாங்கக் கீழே போனார். வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு திரும்பியபோது மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. மத்தியானம் மருத்துவர் வந்து எழுப்பினார். அவள் எழுந்திருக்கவில்லை.

ஆக, முப்பத்தோரு வருஷத்துக் குடித்தனத்தில் அவள் அவரிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அது. விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா? முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஊரார் கண்ணையெல்லாம் பார்த்துப் பிழைத்த மனுஷர், அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தது செவிலியை. அவள் சிரிக்கிறாளா என்று.

முந்தின பிறவிகளில் அவளோடு சேர்ந்து வாழ்ந்ததாக ஒரு துண்டுக் காட்சி கிடைத்தால் போதும், தெரிந்துதான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறாள் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம் என்பது அவர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு இருட்டில் போய் முட்டிக்கொண்டது.

பயிற்சிக்கு அவருக்கு வாய்த்த ஜோடி, கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் ஒரு அம்மாள். எவ்வளவு ஆழத்துக்குப் போனாலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். ஏதோ ஒரு பிறவியில் பெரிய வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு பாத்திரம் இருக்கு?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

ஐந்து எண்ணினார். "நிறைய... மலையாட்டம்," என்று பதில் ஏறி வந்தது.

"வீட்டுக்காரம்மா லீவு குடுப்பாங்களா?"

பாத்திரம் கழுவியவர் குபீரென்று சிரித்துக் கண்ணைத் திறந்துவிட்டார். "போங்கண்ணா, நல்லா போயிட்டிருந்தேன்."

பயிற்சியாளர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "சார், சிரிக்க வெச்சா மேல வந்துடுவாங்க. நீங்க நல்லா செய்யறீங்க. குரல் அருமையான குரல். ஆனா ஆள் கொஞ்சம் ஆழத்துக்குப் போனாலே உங்களுக்குப் பயமா இருக்கு. ஏன்?"

இதற்கும் ஒரு பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் பயிற்சியாளரின் கண் பழைய விசாரணைக் கண்ணாக இருந்ததால் முழுங்கிவிட்டார்.

அன்றைக்குப் பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் அந்த யோசனை வந்தது. அவருக்குத் தெரியாவிட்டால் என்ன, மகள் அந்த அறையில்தானே இருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பாள். அவர் வெளியே போன பிறகு ஏதாவது பேசியும் இருப்பார்கள். நேராகக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் மகளுக்கு வேலை விமான நிலையத்தில், பெட்டி தொலைந்தவர்கள் வந்து நிற்கும் மேஜையில். "நாளைக்குள்ள கண்டிப்பா வந்துடும் சார், கவலைப்படாம போங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறவள். பெட்டி எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. அப்பாவுக்கும் அதே ஆறுதலைத்தான் தருவாள். உள்ளே போய்விட்டால் பொய் வராது. அங்கேதான் கேட்க வேண்டும்.

"சான்றிதழுக்கு வெளியாள் ஒருத்தருக்குச் செஞ்சு காட்டணும்மா. நீ படுக்கறியா?" என்றார் ஞாயிற்றுக்கிழமை காலையில்.

"நான் வெளியாளாப்பா?"

"வாடகை குடுக்காம இருக்கற வெளியாள்."

மகள் சிரித்தாள். "சரி, வாங்க. என்னை ராணியாக்கிடுங்க. குறைஞ்சது பெட்டி தொலையாத பிறவியா பாத்து இறக்கிவிடுங்க."

சோபாவில் படுத்தாள். முந்தின நாள் வேலையின் களைப்பு இன்னும் கண்ணுக்குக் கீழே இருந்தது. அவர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நாற்காலியைத் தலைமாட்டில் போட்டுக்கொண்டார். மூச்சைக் கவனிக்கச் சொன்னார். தோள் தளர்ந்தது, கை தளர்ந்தது. முதல் மூன்று படிக்கு அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு துடித்தது. ஆறாவது படியில் அது போய்விட்டது. பத்தாவது படியில் இமைக்குக் கீழே விழி ஓடத் தொடங்கியது.

அந்த இடத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் வேறு ஒரு காலம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"அது ஆஸ்பத்திரி ரூம் கதவு. அப்பா இப்பதான் மாத்திரை வாங்க வெளியே போறார். நீ உள்ளே இருக்கே. என்ன தெரியுது?"

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

"திரை... பச்சைத் திரை."

"அம்மா என்ன பண்றாங்க?"

ஏழு வரை எண்ணினார்.

"கதவைப் பாக்கறாங்க... போயிட்டாரான்னு கேக்கறாங்க."

"அப்புறம்?"

இந்த முறை எண்ணிக்கை பத்தைத் தாண்டியது. அவருக்குத் தன் மூச்சுச் சத்தமே பெரிசாகக் கேட்டது.

"கையை எடுக்கறாங்க... வயித்துலேருந்து. தையல் போட்ட இடத்தை அழுத்திப் பிடிச்சிட்டிருந்தாங்க... சிரிக்கும்போது பிரிஞ்சுடாம." விழி ஓடிக்கொண்டே இருந்தது. "அப்பாடான்னு சாஞ்சுக்கறாங்க. நெத்தியெல்லாம் வேர்வை. நான் துடைக்கறேன்."

"ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க." நீண்ட இடைவெளி. "சிரிச்சா உயிர் போகுதுடி. சிரிக்கலைன்னா உங்கப்பா முகம் சுருங்கிப்போகுது... அதைப் பாக்கறதுக்கு இதுவே தேவலை."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மனசு துடிக்கிற கேள்வியைக் கேட்கக் கூடாது என்றுதான் நோட்டில் எழுதியிருந்தது. மூன்று நாளில் எத்தனை தடவை சிரிக்க வைத்தோம் என்று அவர் மனசு எண்ண ஆரம்பித்திருந்தது. செவிலிகள் மாறி மாறி வந்தார்கள். ஒவ்வொருத்தி வரும்போதும் ஒன்று. அத்தனைக்கும் அவள் சிரித்திருந்தாள். விட்டுக்கொடுக்காமல்.

"அடுத்த பிறவியிலயாவது விட்டுடுங்கன்னு சொன்னாங்களே," என்றார். அருமையான குரல் என்று பெயர் வாங்கிய குரல் நடுவில் உடைந்தது. "அது நிஜமாவா, விளை..."

"விளையாட்டுதான்பா."

ஒன்றுகூட எண்ணுவதற்குள் வந்துவிட்டது.

"சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னாங்க. அப்புறம் எங்கிட்ட, எத்தனை பிறவி எடுத்தாலும் உங்கப்பாதான் வேணும்னாங்க. கண்டிப்பா சொன்னாங்க."

நாற்பது பேரிடம் பெட்டி வரும் என்று சொல்கிற குரல் அது. இமைக்குக் கீழே விழி நின்றிருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கும் உள்ளே போன பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம், ஆறு வாரம் படித்தவருக்குத் தெரியாதா. அவர் குரல் உடைந்த சத்தத்தில் அவள் மேலே வந்துவிட்டாள். அந்தச் சத்தம் கேட்டால் யாராக இருந்தாலும் வந்துவிடுவார்கள். மகளாக இருந்தால் ஓடியே வந்துவிடுவாள்.

முதலில் வந்தது கீழேயிருந்து வந்தது. கடைசியில் வந்தது மேலேயிருந்து வந்தது. இதில் எதை எடுத்துக்கொள்வது என்று அவருக்குச் சொல்லித்தர யாரும் இல்லை.

இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. கூட்டிக்கொண்டு போனவரைக் கூட்டிக்கொண்டு வந்து விட வேண்டும்.

"சரிம்மா. இப்ப மெதுவா அந்த ரூமை விட்டு வர்றோம். கதவைச் சாத்திடு. பத்தாவது படி. ஒன்பது." ஏற்கெனவே மேலே வந்துவிட்டவளை மேலே கொண்டுவருவதற்காக அவர் ஒரு படிகூட விடாமல் எண்ணினார். அவளும் ஒவ்வொரு படிக்கும் மூச்சை இழுத்துவிட்டு ஏறினாள். "ரெண்டு. ஒண்ணு. கண்ணைத் திற."

திறந்தாள். சோம்பல் முறித்தாள், கொஞ்சம் கூடுதலாகவே முறித்தாள். "என்னப்பா, ஒண்ணுமே ஞாபகம் இல்லை. அசந்து தூங்கிட்டேனா? ராணியா இருந்தேனா, இல்ல அங்கேயும் பெட்டிதான் தேடிட்டிருந்தேனா?"

பந்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அவள் காத்திருந்தாள். ராணியாகத்தான் இருந்தே, கிரீடத்தைத்தான் காணோம், நாளைக்குள்ள வந்துடும். இவ்வளவுதான், சொன்னால் முடிந்தது. வார்த்தை முழுசாக உருண்டு வாய்க்கு வந்துவிட்டது.

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு தயாராவது தெரிந்தது. கன்னம் முதலில் லேசாக இறுகியது, பிறகு உதடு விரியப் பார்த்தது. கண் மட்டும் அவர் முகத்திலேயே இருந்தது. அது சுருங்கிவிடப்போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக இவளும் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள், தினமும் சாப்பாட்டு மேஜையில், எதிரிலேயே உட்கார்ந்து.

"இல்லம்மா," என்றார்.

"என்ன இல்ல?"

"ராணி எல்லாம் இல்ல."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். விரிந்து நின்ற உதட்டுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. ஒரு பக்கமாகக் கோணியது.

"ஏதாவது சொல்லுங்கப்பா."

"ஒண்ணும் தோணலை."

"உங்களுக்கா?"

"ஆமா."

அவள் சோபாவின் முதுகுப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. மின்மயானத்தில்கூட வராத சத்தம். அன்றைக்கு இவர்தான் படிவம் நிரப்பிய ஊழியரிடம் ஏதோ சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். "அம்மா..." என்று மட்டும் புரிந்தது, மிச்சம் திண்டுக்குள் போய்விட்டது.

கண்ணாடிக்காரர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். மகளின் கால் அவர் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் அவள் அழுகையை நிறுத்திவிடுவாள். கொடுத்தவருக்காக இரண்டு வாய் குடித்து, பரவாயில்லைப்பா என்பாள். அதனால் அவர் எழுந்திருக்கவில்லை.