காலிலிருந்து ஒரு குழாய்

துணி மொத்த வியாபாரத்தில் என் அத்தானை ஏமாற்றக்கூடியவன் இன்னும் பிறக்கவில்லை. இரண்டு விரலால் தடவினாலே துணியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவரின் இதயக் குழாய்கள் அடைத்துக்கொண்டன. பைபாஸ் ஆபரேஷன் செய்யாவிட்டால் மாரடைப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அத்தானோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, "முடியாது" என்றார்.

அக்கா அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பிடித்தாள். "அவர்கிட்ட பேரம் படிய வைக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்டா."

நான் வாயைத் திறப்பதற்குள் ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா வந்துவிட்டார். சரக்கு தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்த கடைக்காரரின் தெம்போடு நின்றார்.

"என்ன பயம் உங்களுக்கு?"

"பயமா, எனக்கா? கால்ல இருக்கிற குழாயை வெட்டி நெஞ்சுல ஒட்டுவீங்களாம். என் சரக்கை எடுத்து எனக்கே விக்கிறீங்க. இதயத்துக்குள்ளதான் அவ்வளவு ரத்தம் ஓடுதே, அதுல கொஞ்சம் எடுத்துக்கக் கூடாதா அது?"

"எடுக்காது. வர்றதை அப்படியே வெளியே தள்ளிடும். தன் பங்கை வெளிப்பக்கம் ஓடற சின்னக் குழாய் வழியாத்தான் வாங்கிக்கும்."

"கல்லாவுல கை வைக்காத முதலாளி! உங்களுக்குப் போய் எப்படி அத்தான் இப்படி ஒரு இதயம்?" என்றேன். அக்கா கிள்ளினாள்.

"சரி, கால் குழாய் தரம் எப்படி?" என்றார் அத்தான்.

"கையைக் கொடுங்க."

டாக்டரம்மா அத்தானின் கையைத் தொங்கவிட்டு, புறங்கையில் புடைத்திருந்த நீலக் குழாயின் கீழ்முனையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டார். இன்னொரு விரலால் ரத்தத்தை மேல்நோக்கி வழித்துவிட்டு, அந்த விரலை எடுத்தார். குழாய் தட்டையாகவே கிடந்தது. மேலே போன ரத்தம் இறங்கி வரவில்லை.

"உள்ளே கதவு இருக்கு. மேலே விடும், கீழே விடாது. கால்லயும் இதே மாதிரிதான்."

"விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்படமாட்டாது!" என்று கத்திவிட்டேன். அத்தான் கடை வாசலில் கொட்டை எழுத்தில் தொங்கும் பலகை அது.

அத்தான் சிரிக்கவில்லை. கண் சுருங்கியது. பழுது கண்டுபிடித்தால் அவருக்கு அப்படித்தான் ஆகும்.

"ஒருவழிக் கதவுன்னா, நெஞ்சுல மாத்தித் தைச்சுட்டா சாத்திக்குமே?"

பேரம் முறிந்தது என்றே நினைத்தேன். டாக்டரம்மா சிரித்தார்.

"அதனாலதான் தலைகீழா திருப்பி வைப்போம். கணுக்கால் பக்கத்து முனையை, ரத்தம் கிளம்பற பெருங்குழாய்ல சேர்ப்போம். தொடைப் பக்கத்து முனையை அடைப்பைத் தாண்டித் தைப்போம். அதுக்கு முன்னாடி உப்புத்தண்ணி விட்டு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்துடுவோம்."

துணியின் நல்ல பக்கம் எது என்று கேட்காமலே தெரிந்துகொள்ளும் ஆளிடம் மட்டும் அத்தான் காட்டும் மரியாதை அவர் முகத்தில் வந்தது.

"ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாருங்க. என் கடையில துணியைத் தலைகீழா மடிக்கிறவனுங்க நிறைய."

"பார்க்கிறேன்."

"அப்போ வெட்டுங்க."

ஆபரேஷன் முடிந்து கண் விழித்து, பேச்சு வந்ததும் அவர் தேடியது அக்காவை அல்ல, டாக்டரம்மாவை.

"திருப்பித்தானே..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"திருப்பித்தான். ஜோரா ஓடுது. பிடிக்கலைன்னு கொண்டு வந்துடாதீங்க, எங்க கடையிலயும் அதே போர்டுதான்."

அத்தான் சிரிக்கப் போய், நெஞ்சு வலித்து, தலையணையை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"சிரிக்க வைக்காதீங்க டாக்டர்," என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தையல் விட்டுச்சுன்னா தள்ளுபடி கேப்பாரு."