சுண்ணாம்புக் கோடும் துளசிராமன் மாடுகளும்

அறுபத்தொன்பதாம் வருஷம், தை அமாவாசைக்கு நான்கு நாள் முன்பு, திருவள்ளூரில் கோயில் குளத்துக்குப் போகும் சாலையின் குறுக்கே ஏழு வெள்ளைப் பட்டைகள் போட்டார்கள். ஜனங்கள் அதன் மேல் நடந்து சாலையைக் கடக்க வேண்டுமாம். அதுவரை எங்கள் ஊரில் யாரும் சாலையைக் கடந்ததில்லை. சாலையிலேயேதான் இருந்தோம்.

பெயிண்ட் வந்து சேராததால் சுண்ணாம்பை அடித்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

பட்டைகளுக்குக் காவலாகக் கான்ஸ்டபிள் தானியேலைப் போட்டார்கள். அவரை எல்லாரும் ஏட்டய்யா என்றுதான் கூப்பிடுவோம். சர்க்கார் தராத பதவி உயர்வை ஊர் கொடுத்துவிடும். அவர் பட்டைகளை ஒட்டியிருந்த என் வெல்லக் கடை வாசலில் நின்று எனக்குச் சட்டம் சொன்னார். பட்டையின் மேல் வண்டி நிற்கக்கூடாது. பக்கத்திலும் நிறுத்தி வைக்கக்கூடாது, நடந்து வருகிறவர்களை மறைக்கும். ஆனால் யாராவது கடந்தால் பட்டைக்கு முன்னாலேயே நின்றுவிட வேண்டும்.

“நிக்கணுமா, கூடாதா?” என்றேன்.

“நிக்கணும். ஆனா நின்னுகினே இருக்கக்கூடாது.”

என் மாமியார் வீட்டில் எனக்கும் இதே சட்டம்தான். உடனே புரிந்துவிட்டது.

அவருக்கு இது விளையாட்டில்லை, பாவம். அமாவாசையன்று காலை எட்டு மணிக்குப் பட்டணத்திலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். அப்போது ஒரே ஒரு வண்டி பட்டையை மறித்து நின்றாலும் தானியேலுக்கு ஆரம்பாக்கம் செக்போஸ்டுக்கு மாற்றல் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி செண்பகம் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறு வருஷம் மனு மேல் மனுவாகப் போட்டு, போன மாசம்தான் இருவருக்கும் ஒரே ஊரில் ஒரே உலை வைக்க வாய்த்திருந்தது.

அமாவாசை வந்தது. நோய் தீர வேண்டிக்கொண்டு குளத்தில் வெல்லம் கரைக்க வரும் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குக் குளத்து மீன்களுக்கெல்லாம் சர்க்கரை வியாதி வந்துவிடும். தானியேல் பட்டைகளின் நடுவில் நின்று விசில் ஊதி, வண்டிகளை நிறுத்தி, ஜனங்களை விட்டு, மறுபடி வண்டிகளை விட்டு, எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஏழே முக்காலுக்குத் திருப்பாச்சூர் துளசிராமன் வண்டி வந்தது. வண்டியில் அவன் மனைவி குப்பம்மாள், கோயிலுக்குக் கொடுக்கப் புது நெல், அளக்க ஒரு மரக்கால், காலிக் கோணி ஒன்று. மாடுகள் இரண்டும் களத்து வேலையை முடித்த கையோடு வந்தவை.

முதல் பட்டையை மோந்து பார்த்தன. நின்றன.

“யோவ், ஆளுங்கதான் போயாச்சே, எடுய்யா!” என்றார் தானியேல்.

“நான் எங்க நிறுத்தினேன் ஏட்டய்யா? மாடு நிறுத்திச்சு.”

அதட்டினான், வாலை முறுக்கினான். மாடுகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிதானமாகப் படுத்துவிட்டன. பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர், சோழவரத்தில் கார்ப் பந்தயம் பார்த்த நாளிலிருந்து பிரேக் போடுவதை அவமானமாக நினைப்பவர். அவரே போட்டார்.

குப்பம்மாளுக்குத்தான் விஷயம் பிடிபட்டது. துளசிராமன் களத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்ததும், குவியலைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போடுவான். நெல்லை அளந்து, கோணியில் கட்டி, வண்டியில் ஏற்றும்வரை மனுஷனோ மாடோ கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டிய மாட்டுக்கு மூக்கில் ஒன்று விழும். இங்கேயோ ஏழு கோடு. அதற்கு நடுவே தானியேல்: புது நெல் நிறத்தில் காக்கி, உச்சியில் கூம்பி, கீழே வரவர அகன்ற தேகம்.

“யோவ், இதுங்க ஏட்டய்யாவ நெல்லுக் குவியல்னு நெனச்சிகினு கீதுங்க” என்றாள்.

“அப்ப நான் தள்ளி நின்னுக்கிறேன்” என்று தானியேல் நகர்ந்தார். மாடுகள் அசை போட்டன.

“குவியல் தானா நடந்து போனா மாடு நம்புமா? அளக்கணும், கோணில கட்டணும், வண்டில ஏத்தணும்.”

“நான் சர்க்கார் ஆளும்மா!”

“சர்க்கார் நெல்லுன்னு வெச்சுக்கலாம், வா நைனா.”

மணி எட்டாக ஐந்து நிமிஷம். தானியேல் ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, விசிலைப் பல்லில் கவ்விக்கொண்டு வந்து நின்றார். குப்பம்மாள் மரக்காலை அவர் தலையில் வைத்து “லாபம்!” என்றாள். முதல் மரக்காலுக்கு எங்கள் பக்கம் அதுதான் எண். தோளுக்கு வந்ததும் “ரெண்டு” என்றாள். வயிற்றுக்கு மட்டும் நாலு மரக்கால் ஆயிற்று. கோணியைக் காலிலிருந்து கழுத்துவரை இழுத்துக் கட்டினாள். பஸ்காரர்கள் ஆறு பேர் இறங்கித் தூக்கி வண்டியில் போட்டார்கள்.

மாடுகள் எழுந்தன. காதை ஆட்டிக்கொண்டு ஏழு பட்டைகளையும் கடந்து போயின. பஸ்ஸும் போயிற்று.

அந்தக் கணத்தில் எதிர்ப்பக்கமிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். சாலை துடைத்து வைத்தது போல இருந்தது.

“இங்கே கான்ஸ்டபிள் எங்கே?”

என் கையில் தொப்பி இருந்ததால் என்னைத்தான் கேட்டார்.

“அளந்தாச்சுங்க” என்றேன்.

அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் போய்க்கொண்டிருந்த மாட்டு வண்டியிலிருந்து விசில் அலறியது. நெல் மூட்டை ஒன்று எழுந்து உட்கார்ந்து, “யோவ் ஜீப்பு! பட்டை மேல நிக்கக்கூடாது, எடுய்யா!” என்று கத்தியது. கத்திய பிறகுதான் அது யார் ஜீப் என்று மூட்டைக்குத் தெரிந்தது. தலை மெதுவாகக் கோணிக்குள் இறங்கிவிட்டது.

அதிகாரி குனிந்து பார்த்தார். ஜீப்பின் நாலு சக்கரமும் சுண்ணாம்பில். இரண்டு பக்கமும் கையில் வெல்லத்தோடு ஜனங்கள் கடக்க முடியாமல் நின்றார்கள். கை காட்டி ஜீப்பைப் பின்னால் அனுப்பினார். பிறகு வண்டியருகே நடந்து போய்க் கோணியை விலக்கினார்.

“பேர் என்ன?”

“தானியேல் சார்.”

“டூட்டிலயா இருக்கீங்க?”

“ஆமா சார்.”

அதிகாரி கூட வந்தவரிடம் சொன்னார்: “இவர் இங்கேயே இருக்கட்டும். கோணி மட்டும் வேண்டாம்.”

சாயங்காலம் செண்பகம் தொப்பியை வாங்கிப் போக வந்தாள்.

“அண்ணே, அவருக்கு ஒடம்பெல்லாம் நெல்லுச் சுணை. சொறிஞ்சிகினே கீறாரு. இன்னாச்சுன்னு கேட்டா, டூட்டின்றாரு.”

“பொய் சொல்ல மாட்டாரும்மா” என்று சொல்லித் தொப்பியைக் கொடுத்தேன்.