நடுவில் இருக்கும் பாங்கு

வந்திருந்தவர்கள்: சபைச் செயலாளர் விமலகுமாரி டீச்சர், பொருளாளர் செல்லையன், பாறசாலையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் கமிட்டி உறுப்பினர் சானு, கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்ற நான். போதகர் வரவில்லை. செங்கல் என்ற ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சபை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். வருடக் கணக்கு பொதுக்கூட்டத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஒரு சந்தேகம் தீர வேண்டும். தீராவிட்டால் செல்லையன் மாமாவுக்குப் பதவி போகும், பேரும் போகும்.

கனடாவில் இருக்கும் லிபின் கூரை வேலைக்காக இரண்டாயிரம் கனடா டாலர் அனுப்பியிருந்தான். அனுப்பியதை வாட்ஸ்அப்பில் காட்டினான். எங்கள் சபையில் காணிக்கை பாங்குக்கு வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. மாமா அன்றைய டாலர் விலையைப் போனில் பார்த்துப் பெருக்கி, சபையில் வாசித்து, ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரத்துக்கு ரசீதும் எழுதிவிட்டார். பாங்குக்கு வந்தது மூவாயிரத்துச் சொச்சம் குறைவு.

திருவனந்தபுரத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கணக்கை இரவு ஷிஃப்டில் பார்த்தவன் நான். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. அங்கே இது தினமும் வரும். நடுவில் இருக்கும் பாங்கு கொஞ்சம் எடுக்கும், நம் பாங்கு கொஞ்சம் எடுக்கும், டாலரை மாற்றும் விலையில் கொஞ்சம் போகும். பாங்குக் கட்டணம், மாற்று நஷ்டம் என்று இரண்டு வரி ஏற்றினால் முடிந்தது. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

இங்கே முடியவில்லை. குறைந்த தொகை, பைசா மாறாமல், சில நாள் கழித்து சபையின் பாங்குக் கணக்கில் ரொக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. கட்டியவர் செல்லையன்.

“இது ஏதாக்கும் மாமா?”

“எனக்க பைசா. குறைஞ்சதை நெறைச்சு வச்சேன்.”

“எதுக்கு?”

“லிபினுக்க மாமியாரு முன் பெஞ்சில உண்டு. வாசிச்சது ஒண்ணு, வந்தது வேறண்ணா, நடுவில நான் எடுத்தேண்ணு சொல்லுவா.”

சானு என்னைப் பார்த்துச் சிரித்தான். “எலே மக்கா, எனக்க கடையில வேலைக்காரன் சொந்தப் பைசாவைக் கல்லாவில போட்டாண்ணா, முந்தின நாளு எடுத்திருக்கான் எண்ணாக்கும் அர்த்தம்.”

நான் நடு பாங்கைப் பற்றி விளக்கினேன். டீச்சர் கவனமாகக் கேட்டார்.

“அந்த பாங்குக்க பேரென்ன?”

“தெரியாது டீச்சர்.”

“எவ்வளவு எடுத்துது?”

“அதைத் தனியா காட்ட மாட்டான். கடைசியில வந்து சேந்தது மட்டும்தான் தெரியும்.”

“பேரும் தெரியாது, எடுத்ததும் தெரியாது. செல்லையனுக்க பேரு மட்டும் தெளிவாட்டு உண்டு.”

அந்த இரண்டு வரியையும் ஏற்றிப் பார்த்தேன். மாமாவின் பணம் தனியே மிஞ்சி நின்றது. எந்தத் தலைப்பில் எழுதுவது? காணிக்கை என்றால் சபையில் வாசிக்க வேண்டும். கடன் என்றால் கமிட்டி கேட்கவே இல்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன்.

“எடுக்காதவனுக்குக் குடுக்கலாம்,” என்றார் டீச்சர். “எடுத்தவனுக்கும் நாமளே குடுக்கவா?”

ஏற்றியதை அழித்தேன். உடனே ரசீதும் பாங்கில் இருந்ததும் பொருந்தின. தப்பான கணக்கு பொருந்துகிறது, சரியான கணக்கு பொருந்தவில்லை. மாமா எடுத்திருக்க மாட்டார் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

“லிபினிட்ட கேப்போம்,” என்றேன். “அங்கத்த பாங்கிலே கேட்டா, யாரு எவ்வளவு எடுத்தாண்ணு காகிதம் தருவான்.”

“வேண்டாம்,” என்றார் மாமா.

“ஏன்?”

“அவன் மாமியாரிட்ட சொல்லுவான். அதைவிட நான் கள்ளனாட்டே இருந்துக்கிடுதேன்.”

“அப்ப மறைக்க வல்லதும் உண்டு,” என்றான் சானு.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “அண்ணன் கொஞ்சம் வெளியே நில்லுங்க. நாங்க ஒண்ணு பேசட்டு.”

மாமா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து வெளியே போனார். சானு பின்னாலேயே கதவுவரை போய், அதைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினான்.