பித்தப்பைக்குத் தகடு இல்லை

சின்னையாவுக்குப் பித்தப்பையில் கல். வியாழக்கிழமை பித்தப்பையையே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். நோவுள்ள உறுப்பை அச்சடித்த வெள்ளித் தகட்டை முருகனுக்குச் செலுத்திவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று சின்னையா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். உண்மையில் அவருக்குப் போகவே மனமில்லை.

மனைவி வாணி அவரை மலேசியாவின் கிள்ளான் நகரில் ரமணியின் பூஜைக் கடைக்கு இழுத்து வந்தாள். ரமணி வடை தின்றுகொண்டே தகடுகளைப் பரப்பினார். கண், காது, கை, கால், வயிறு.

"பித்தப்பை இருக்கா, பாஸ்?" என்று கேட்டார் சின்னையா.

"அதுக்கு அச்சு இல்ல அண்ணே. வயிறு எடுத்துக்குங்க. பக்கத்துலதானே இருக்கு."

"வயித்துல ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நல்லா இருக்கறதுக்கு எதுக்கு வேண்டுதல்?"

"என்னங்க, வயிறு, கல்லீரல், பித்தப்பை, குடல் எல்லாம் தனித்தனி உறுப்பு, சேந்து வேலை செஞ்சா செரிமான மண்டலம்னு டாக்டர் சொன்னாருல்ல" என்றாள் வாணி.

"அதான் பயமே" என்றார் லோரி ஓட்டியே நரைத்த சின்னையா. "ரேடியேட்டரைக் கழட்டிட்டு பக்கத்து ஊர் காப்பாருக்குக்கூட லோரியில போக முடியுமா? ஒண்ணை எடுத்தா மொத்த மண்டலமும் நின்னுடும் லா."

தகடு வெறும் சாக்கு என்பது வாணிக்கு அப்போதுதான் புரிந்தது.

ரமணி அடுத்த வடையை எடுத்தார். "எனக்குப் போன வருஷமே எடுத்தாச்சு."

"எதை?"

"பித்தப்பையை. பித்தம் சுரக்குறது கல்லீரல்லதான் அண்ணே. பித்தப்பை அதைச் சேத்து வைக்கிற தொட்டி. தொட்டி போனா நேரா குடலுக்குப் போகுது. ரேடியேட்டர் இல்ல, எக்ஸ்ட்ரா டாங்கி."

சின்னையா அந்த வடையையே பார்த்தார். எண்ணெய் பளபளத்தது.

"எண்ணெய் ஒத்துக்குதா?"

"மொத மாசம் வயிறு அடம் பிடிச்சுது. இப்ப பேசாம இருக்கு."

"நீங்க எந்தத் தகடு போட்டீங்க?"

ரமணி முழு ஆள் உருவம் அச்சடித்த ஒரு தகட்டை எடுத்து வைத்தார். "இதான். உள்ள எது எங்க இருக்குன்னு முருகனுக்குத் தெரியும்."

சின்னையா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவனுக்குத் தொப்பையே இல்லையே."

"வேண்டுதல்தானே, பாஸ்போர்ட் படமா?" என்றாள் வாணி.

சின்னையா அதையே தாளில் சுற்றித் தரச் சொன்னார். பிறகு, ஏதோ நினைவாக வடைத் தட்டுப் பக்கம் கையை நீட்டினார். வாணி தட்டை நகர்த்தி வைத்தாள்.

"ஆபரேஷன் முடியட்டும்."

"அப்படின்னா ரெண்டு" என்றார் சின்னையா.